உம்மாவின் வருத்தம் பற்றி ராத்தாவுக்கு

ஆலங்குடா,
கற்பிட்டி.

அன்புள்ள ராத்தா,

மச்சான் புது வலை வாங்கியதாக நானா சொன்னார். தொழில் நல்லபடி நடக்க துஆச் செய்கிறோம்.

உம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஸ்கேன் ஒன்று எடுப்போம், காசு அனுப்புகிறேன் என்று சொன்னீர்கள். இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். போனில் இதைப் பேச முடியவில்லை, பக்கத்தில் உம்மா இருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

தலையிடி, தோளிலிருந்து முதுகு வரை உளைவு, நெஞ்சு படபடப்பு, உள்ளங்கால் எரிவு. எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். இரவில் சித்தாலேப பூசி, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்கிறார். சுபஹுக்கு முன்னமே எழும்பிப் பாயில் குந்திக்கொண்டிருக்கிறார். ரிப்போர்ட்டுகளை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார்: இரத்தம், சுகர், தைரொய்ட், ஈசிஜி, முதுகு எக்ஸ்ரே. எதிலும் குறையில்லை. போன மாதம் ஓர் இளம் டொக்டர் அத்தனையையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு ஒண்டுமில்ல உம்மா, சந்தோசமா போங்க" என்றார். வெளியே வந்ததும் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் பொய்யா சொல்றன்?"

ராத்தா, உம்மா பொய் சொல்லவில்லை. அவர் தனி ஆளும் இல்லை. மிட்வைஃப் வேலையில் வீடு வீடாகப் போகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வள்ளமேறி வந்த எங்கள் உம்மாமார் பலரிடம் இதே உளைவையும் இதே எரிவையும் கேட்கிறேன். இது ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. டொக்டர் செஸ்மல் சிறிவர்தன, பேராசிரியர் அத்துல சுமதிபால ஆகியோரின் குழு புத்தளம் மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழும் எங்கள் சனத்தில் 450 பேரைப் பேட்டி கண்டு, 2013இல் முடிவை வெளியிட்டது. நாங்கள் வந்து இருபது வருடம் கழிந்த நிலைமை அதில் இருக்கிறது. நூற்றுக்கு 18.8 பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. அதில் மிகப் பெரிய பங்கு, சோதனைகளில் காரணம் பிடிபடாத உடல் வருத்தங்கள்: நூற்றுக்கு 14. கடுமையான மனச்சோர்வு 5.1. போர் அதிர்ச்சியால் வரும் நோய் என்று எல்லாரும் பேசுவது வெறும் 2.4தான்.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் எப்போதும் அந்த ஒக்டோபரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எப்படி விரட்டினார்கள், எதை எடுத்து வந்தீர்கள் என்று. அதற்குப் பிறகு வந்த வருடங்களை யார் கேட்டார்கள்? கிடுகுக் கொட்டிலில் மழை ஒழுகினதை, தண்ணீருக்கு வரிசையில் நின்றதை, வெங்காயத் தோட்டத்தில் முதுகு முறியக் குனிந்து நாட்கூலி வாங்கினதை, சொந்தக் காணியும் வீடும் இருந்த மனிசி "அகதி" என்று பெயரெடுத்ததை? அந்த ஆய்வில் பாதிப்போடு சேர்ந்து வந்தவை மூன்று: வேலையின்மை, துணையை இழந்தோ பிரிந்தோ இருப்பது, அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாதது. எது முந்தியது, எது பிந்தியது என்று ஒரே தடவை எடுத்த கணக்கில் தீர்த்துச் சொல்ல முடியாது. வருத்தக்காரரால் வேலைக்குப் போக முடியாமலும் இருக்கலாம். ஆனாலும் வாப்பா மௌத்தான பிறகு உம்மாவின் உளைவு எப்படிக் கூடியது என்பதை நாங்கள் இருவரும் கண்ணால் கண்டவர்கள்.

மனம் நெடுங்காலம் நெருக்கப்பட்டால் தூக்கம் கெடுகிறது, தசை இறுகுகிறது, சின்ன நோவையும் நரம்பும் மூளையும் பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. அது ஸ்கேனில் விழாது. விழாததால் நோவு இல்லை என்று ஆகாது. இன்னொரு ஸ்கேன் எடுத்தால் இன்னொரு தடவை "ஒண்டுமில்ல" என்று கேட்டுக்கொண்டு வருவார், அவ்வளவுதான்.

வைத்தியம் இருக்கிறது. பேராசிரியர் சுமதிபாலவின் குழு 2008இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், இப்படிக் காரணம் பிடிபடாத வருத்தத்தோடு வந்த 150 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. மற்றப் பகுதிக்கு, டொக்டர் நேரம் ஒதுக்கி, நாள் குறித்து, ஒழுங்காகப் பார்க்கும் கவனிப்பு மட்டும். பேச்சுச் சிகிச்சை வெல்லும் என்று நானும் நினைத்துத்தான் வாசித்தேன். இரண்டு பகுதியினருக்கும் ஒரேயளவில் சுகம் கூடியிருந்தது. ஒன்றுமே செய்யாத மூன்றாவது பகுதி இல்லாதபடியால் எது எவ்வளவு உதவியது என்று அறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குப் படுவது, ஒரே டொக்டர் மறுபடி மறுபடி அவசரப்படாமல் கேட்பதே பெரிய மருந்து. உம்மாவுக்கு இவ்வளவு காலமும் கிடைத்தது ஒவ்வொரு தடவையும் புது டொக்டர், புதுத் துண்டு, ஒரு பொதி பனடோல்.

அதனால் மனநல கிளினிக்கில் பதிந்திருக்கிறேன். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். "விசர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க" என்று சனம் கதைக்கும், பிள்ளைகளின் கலியாணப் பேச்சில் இது வந்து நிற்கும் என்று. கதைக்கட்டும். பிரசருக்கு கிளினிக் போகிற அதே கொப்பியோடு, அதே வாசலால்தான் போகப் போகிறோம். தூக்கத்துக்கும் நோவுக்கும் சிறு அளவில் மாத்திரை தந்தால், டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை உம்மா அதைப் போட வேண்டும். பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். இடையில் நீங்கள் "அது மயக்க மருந்து, விட்டுடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள், உம்மா உங்கள் சொல்லைத்தான் கேட்பார். லெப்பை ஓதித் தருகிற தண்ணீரையும் நிறுத்தவில்லை. அதைக் குடித்த இரவுகளில் கொஞ்சம் கண்ணயர்கிறார்.

எங்கள் பழைய ஊரான எருக்கலம்பிட்டிக்கு வரச் சொல்லி உம்மாவை நெருக்க வேண்டாம். ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வாப்பாவின் கப்ர் இங்கேதான் இருக்கிறது, உம்மா அதை விட்டு வர மாட்டார். போன் எடுக்கும்போது "இண்டைக்கு நோவு எப்படி" என்று தொடங்காமல், மீன் என்ன விலை, அடுப்பில் என்ன கறி என்று கேளுங்கள். நோவைப் பற்றி அவரே தொடங்கினால் மட்டும் இடைமறிக்காமல் கேளுங்கள்.

கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஸ்கேனுக்கு வைத்திருந்த காசில் பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு லீவுக்கு வந்து பத்து நாள் நில்லுங்கள். இரண்டாம் தடவை டொக்டரிடம் போகும்போது நீங்களும் கூட இருந்தால் உம்மாவுக்குத் தைரியம். வரும்போது பனங்கிழங்கு கொண்டு வாருங்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

உங்கட தங்கச்சி