பங்குக் கிணறும் கணிப்பு வலையும்

ஆறு ஓடாத நாடு யாழ்ப்பாணம். மாரியில் நீர் கண்டு கோடையில் வறண்டு கிடக்கும் வழுக்கை ஆறு ஒன்றையே ஆறென்று சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் இம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் செழித்து வளர்கின்றன. காரணம் கிணறு. அக்கிணற்றைக் காட்டிக் கடல் கடந்த ஒரு பெரிய விஞ்ஞான முயற்சியை மாணவர்க்கு விளக்க நேரும் என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையன்று அது தானாகவே நிகழ்ந்தது.

உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு காலை எட்டு மணியளவில் புறப்பட்டோம். முதலிற் பொது நூலகம், அடுத்துத் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகம், மாலையில் நிலாவரை என்பது திட்டம். கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தல்களும் வாகனத்தில் ஏறின. மாணவரின் ஆரவாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே பிரதி

பொது நூலகத்தின் வெண்ணிறக் கட்டடத்தின் முன் நின்றபோது ஆரவாரம் அடங்கிற்று. சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைந்த இக்கட்டடம் 1959 இல் திறந்து வைக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் இது எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்கள் பலவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளை எங்கே தேடுவது? பின்னர்த் திருத்திக் கட்டப்பட்ட நூலகத்தில் இன்று பிள்ளைகள் அமைதியாக இருந்து படிக்கின்றனர். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய முயற்சியோ ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து யாவரும் படிக்க வைத்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் வைக்கப்படும் செல்வம் ஓர் இரவிலே போய்விடும் என்ற பாடத்தை நமது ஊர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

படிக்கட்டில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“சேர், பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் ஜெனீவாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகத்தானே வேண்டும்? அண்ணா கனடாவிலிருந்து வரச் சொல்கிறார். இங்கே இருந்து என்ன செய்வது?”

கெட்டிக்காரப் பையன். கேள்வியில் குறும்பு இல்லை, கவலைதான் இருந்தது. நாம் உடனே விடை சொல்லவில்லை. நம்மிடம் படித்த எத்தனையோ பேர் இதே கேள்வியைத் தமக்குள் கேட்டு, விமானம் ஏறிப் போயினர். அவர்களை நாம் குறை கூறோம். ஆயினும் கேள்விக்கு ஒரு விடை தேட வேண்டிய கடமை ஆசிரியர்க்கு உண்டு.

திருநெல்வேலியில்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவரக் கல்லூரி இருந்த வளவிலேதான் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவராயிருந்தார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகத்துச் சிவன் கோயிலை வணங்கி, மர நிழலில் அமர்ந்து, நாம் கதையைத் தொடங்கினோம்.

ஜெனீவா நகருக்கு அருகே, நிலத்தின்கீழ் ஏறத்தாழ நூறு மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று இருக்கிறது. செர்ன் என்னும் ஆய்வுகூடத்தின் துணிக்கை மோதுகருவி அது. அதனுள்ளே புரோத்தன்கள் எதிரெதிரே ஓடி, விநாடிக்கு நூறு கோடி தடவை வரை மோதுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றைக் கருவிகளே அப்போதைக்கப்போது கழித்துவிடுகின்றன. எஞ்சுவதைச் சேமித்து ஆராய்வதற்கே, ஓர் ஆய்வுகூடத்தின் கணினிகள் எத்தனை இருந்தாலும் போதா.

என்ன செய்தார்கள்? வேலையைப் பங்கிட்டார்கள். இன்று நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணினி நிலையங்கள் ஒரே இயந்திரம்போல் இணைந்து அவ்வேலையைச் செய்கின்றன. இதற்குக் கணிப்பு வலை என்று பெயர் கொள்வோம். இந்தியாவில் கொல்கத்தாவிலும் மும்பையிலும் இவ்வலையின் நிலையங்கள் உள்ளன. செர்னில் ஒரு பிரதி இருக்க, மற்றொரு பிரதி வெவ்வேறு நாடுகளிலுள்ள பெரிய நிலையங்களிடையே பகிர்ந்து வைக்கப்படுகிறது.

“ஓரிடம் எரிந்தாலும் மற்ற இடத்தில் இருக்கும்” என்றாள் ஒரு மாணவி. காலையிற் கண்ட நூலகம் அவள் மனத்தை விட்டு அகலவில்லை.

2012 ஜூலை 4 ஆம் நாள், ஹிக்ஸ் துணிக்கையைப் போன்ற புதியதொன்றைக் கண்டதாகச் செர்ன் அறிவித்தபோது, அக்கண்டுபிடிப்பிற் பல நாட்டுக் கணினிகளின் உழைப்பும் கலந்திருந்தது. 

மின்சாரம் இல்லாத நாட்கள்

இவ்வலையின் பெயரிலேயே நமக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. ஃபொஸ்டர், கெசெல்மன் என்னும் அறிஞர் இருவர் 1998 இல் பதிப்பித்த நூலொன்றால் ‘கிரிட்’ என்ற ஆங்கிலப் பெயர் பரவியது. மின்சார வலைக்கு வழங்கும் பெயர் அது. ஆளியைப் போட்டால் விளக்கு எரிகிறது. அம்மின்சாரம் எந்த அணையில் பிறந்தது என்று நாம் கேட்பதில்லை. அதுபோலவே, கணிக்கும் ஆற்றலும் எங்கிருந்து வருகிறதென்று கேளாமலே கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

மின்சார வலையின் அருமை யாழ்ப்பாணத்தவர்க்குத் தெரிந்ததுபோல் வேறெவர்க்குத் தெரியும்? 1990 இல் போரினால் குடாநாட்டுக்கு மின்சாரம் அறுந்தபோது நாம் சிறு பிள்ளை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றி, அச்சிக்கன விளக்கைச் சுற்றி அயல் வீட்டுப் பிள்ளைகளும் இருந்து படித்தோம். மாலையில் துவிச்சக்கர வண்டியை நிமிர்த்தி வைத்து, ‘டைனமோ’வைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்பது வழக்கம். ஒருவர் கால் சோர்ந்தால் மற்றவர் மிதிப்பார். செய்தி எல்லாருக்கும் பொது. இதைச் சொன்னபோது மாணவர் சிரித்தனர். போர் அவர்கட்குப் பெற்றோர் சொல்லும் கதை.

கோவிட் நோயினால் 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடியது அவர்கட்கு நினைவிருக்கிறது. அப்போது மாணவர் வீட்டிலிருந்தே விரிவுரை கேட்க உதவியது ‘லேர்ன்’ என்னும் வலை. இலங்கையின் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிறுவனங்களையும் பிணைப்பது அது. 1990 அளவில் சில இடங்களுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பும் சிறு ஏற்பாடாகத் தொடங்கி, இன்று ஆசிய, ஐரோப்பிய ஆராய்ச்சி வலைகளோடும் தொடர்பு கொண்டிருக்கிறது. திருநெல்வேலியும் அதில் ஒரு முடிச்சு. 2017 இல் இலங்கை அரசு செர்னுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றும் செய்தது. கதவு சிறிது திறந்திருக்கிறது என்பதே நாம் மாணவர்க்குச் சொன்னது. அகலத் திறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஜெனீவாவின் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் நிலையங்களுள் யாழ்ப்பாணம் ஒன்றன்று.

கனடாவில் இருப்பவரின் முறை

கோப்பாயைக் கடந்து நீர்வேலியை அடைந்தபோது வெயில் சற்றே தாழ்ந்திருந்தது. வாழைத் தோட்டம் ஒன்றில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றார். முற்காலத்தில் துலா மிதித்து இறைத்த கிணற்றில் இப்போது நீர்ப்பம்பி ஓடுகிறது. “அப்பு, கிணறு உங்களுடையதா?” என்று மாணவர் கேட்டனர்.

“இது பங்குக் கிணறு, தம்பி. ஏழு பேருக்குப் பங்கு. ஆளுக்கொரு நாள் முறை. இண்டைக்கு என்ரை முறை இல்லை. என்ரை தம்பியின்ரை நாள். அவன் கனடாவிலை. அவன்ரை முறையிலை நான் இறைக்கிறன். வந்தானெண்டால் அவன்ரை முறை அவனுக்குத்தான். உறுதியிலை கிடக்குது.”

அவர் சொன்னது மெய். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதி வைப்பது நெடுநாள் வழக்கம். நாம் காலை முழுவதும் வருந்தி விளக்கியதைப் பெரியவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். கணிப்பு வலை நடப்பதும் இவ்வாறே. ஒரு நிலையத்தின் கணினிகள் ஓய்ந்திருக்கும் வேளையில் மற்றொரு நாட்டு ஆய்வாளரின் கணக்கு அங்கே ஓடும். வேலைகள் வரிசையில் நின்று முறை பார்த்துச் செல்லும். வருபவர் பங்காளிதானா என்று அறிவதற்கு உறுதிபோல் மின்னணுச் சான்றிதழும் உண்டு. தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டு போகிறோம். இங்கே பெரும்பாலும் தரவு இருக்குமிடத்துக்குக் கணக்கை அனுப்புகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

காலையிற் கேள்வி கேட்ட மாணவன் அதுவரை பேசவில்லை. “அப்பு, அவர் வராமலே விட்டால்?” என்றான் இப்போது.

பெரியவர் மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து மற்றதைத் திறந்தார். “வாறதும் வராததும் அவன்ரை விருப்பம். கிணறு தூர்ந்து போகாமல் பாக்கிறது இஞ்சை இருக்கிற ஆக்களின்ரை வேலை.”

நிலாவரையில்

நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றை அடையும்போது மாலை ஐந்து மணி. இராமபிரான் அம்பு எய்து உண்டாக்கியது என்பது ஐதீகம். இதில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் ஊரார் சொல்வர். பழத்தின் பயணம் எப்படியாயினும், குடாநாட்டின் கீழே கிடக்கும் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உள. நீர் அவற்றினூடே நடமாடுகிறது. ஆதலால் என் கிணறு, உன் கிணறு என்று மேலே வேலியடைக்கிறோமே தவிர, கீழே எல்லாம் ஒன்றோடொன்று உறவுடையன. நிலாவரையில் மேல் நீர் நன்னீர்; ஆழத்தில் உவர் நீர். அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். ஒருவர் பேராசை அயலவர் கிணற்றையும் கெடுக்கும். பொதுவாக ஆளும் எதற்கும் இவ்விதி பொருந்தும்.

அங்கே வைத்து நாம் மாணவர்க்கு ஒரு செய்தி சொன்னோம். வீட்டில் ஓய்ந்திருக்கும் கணினியையே அறிவியலுக்கு ஈயலாம். வேற்றுலக உயிர்களின் வானொலி அலைச் சமிக்ஞைகளைத் தேடும் முயற்சியொன்று 1999 முதல் 2020 வரை இவ்வாறு உலகெங்குமுள்ள வீட்டுக் கணினிகளைக் கொண்டு நடந்தது. செர்னின் கணக்குகளுக்கு உதவும் வீட்டுக் கணினித் திட்டம் 2004 இல் தொடங்கியது, யாரும் சேரலாம். மின்கட்டணம் கூடும், இயந்திரம் சூடேறும், ஆகவே பெற்றோரைக் கேட்டே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

திங்கட்கிழமை காலை அம்மாணவன் நம்மிடம் வந்தான். தகப்பனாரின் அனுமதியோடு இரவு இரண்டு மணி நேரம் வீட்டுக் கணினியை அத்திட்டத்துக்கு விட்டிருக்கிறானாம். “என் முறை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, சேர்” என்றான்.

அவன் கனடாவுக்குப் போவானா, இங்கேயே இருப்பானா என்பது நமக்குத் தெரியாது. போனாலும் அவன் பங்கு இங்கே இருக்கும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். அதுவரை கிணறு தூர்ந்து போகாமல் பார்ப்பது நம் வேலை.