கடல் கடந்து வந்த கிண்ணம்

பீங்கான் என்று நாம் வழங்கும் சொல்லை எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர் பிங்காணி என்பர். மலாய் மக்கள் உண்ணும் தட்டைப் பிங்கான் என்பர். சொல் பாரசீகத்தினின்று புறப்பட்டது, பொருளோ சீனத்தது. இரண்டும் வெவ்வேறு துறைகளில் கப்பலேறி எங்கள் வீட்டில் வந்து கூடின.

அக்கிண்ணத்தைப் பினாங்கிலிருந்து கொணர்ந்தவர் எங்கள் பாட்டனார். அங்கே ஒரு சீனக் குடும்பத்திற்குக் கணக்கெழுதிய அவர், ஊர் திரும்புங்கால் அன்பளிப்பாகப் பெற்றதை, 1921 என்னும் ஆண்டுடன் தம் குறிப்பேட்டில் பதிந்து வைத்திருந்தார். ஒரு சாண் அகலம். இளஞ்சிவப்பும் பச்சையுமாக நீண்ட வாலுடைய இரு பறவைகள். இடையே இதழடுக்கிய பெருமலர்கள். மயில் என்றும் தாமரை என்றும் சொல்லியே பாட்டி எங்களை வளர்த்தார். உண்மையில் அது சீனர் போற்றும் கற்பனைப் பறவையாகிய பீனிக்ஸ், மலர், பியோனி. பறவை அரசியையும் மலர் செல்வத்தையும் குறிக்கும். மலாயாவில் குடியேறி மலாய் வழக்கங்களையும் தழுவிய பாபா-நியோன்யா சீனர், திருமணம் போன்ற நன்னாள்களுக்கென இத்தகைய கலங்களைச் சீனத்தின் ஜிங்தெசென் நகரிலிருந்து வரவழைத்தனர். வெண்களிமண்ணை ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்டு, மெருகின்மேல் வண்ணம் தீட்டி, மீண்டும் குறைந்த சூட்டில் சுடுவார்கள். ஆதலால் பறவையின் இறகு இன்றும் விரலுக்குச் சற்றே மேடாகத் தட்டுப்படும்.

சீனக் கலம் தமிழருக்குப் புதிதன்று. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்திலும் அதன் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சீனத்துக் குவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே உண்டு. ஆயினும் எங்கள் பாட்டி அதனைச் சமையலறைக்குள் விடவில்லை. ஆசாரமாம்! ஊறுகாய் ஜாடியும் பீங்கான்தானே என்று கேட்டால், "அது வேறு" என்பார். அந்த வேறுபாடு எங்களுக்கு இன்றளவும் விளங்கவில்லை. நவராத்திரிக் கொலுவில் மட்டும் மஞ்சளும் பாக்கும் ஏந்தி அது அமர்ந்திருக்கும்.

சென்னை மாகாணத்துச் சித்தூருக்கு வந்த கிண்ணம், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே 1953-இல் ஆந்திர மாநிலத்ததாயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மறு ஆண்டு சித்தூர் வீட்டை விற்றோம். ஆஸ்திரேலியாவில் வாழும் எங்கள் தம்பி வேறெதுவும் கேட்கவில்லை. தன் மகளுக்காகக் கிண்ணத்தை மட்டும் கேட்டான். மறுப்பார் எவருமில்லை. தடுத்தது சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லலாகாது. எந்நாட்டில் செய்தது என்பதை விடுத்து, வயதையே அது நோக்குகிறது. 1998-இல் அவன் முதன்முதல் விமானமேறியபோது தடையில்லை. அன்று எங்கள் அன்னையார்தாம், வழியில் உடையும் என்று தடுத்தார். எங்கள் கூடத்து அலமாரியில் இருந்தவாறே அது சீனத்துப் பாண்டம் என்னும் நிலை மாறி, இந்தியத் தொல்பொருளாகிவிட்டது.

1935-இல் வாங்கியதென்று சொன்னால் மறுப்பவர் யார், குறிப்பேட்டைக் காட்டாவிட்டால் போயிற்று என்றார் உறவினர் ஒருவர். எளிய வழிதான். எங்களுள் சிலருக்குச் சபலமும் தோன்றிற்று. தம்பிதான் தொலைபேசியில் சொன்னான்: "அக்கா, தாத்தா கணக்கெழுதிப் பிழைத்தவர். அவர் எழுதிய தேதியை நாம் திருத்துவதா?" அதன்பின் அப்பேச்சை எவரும் எடுக்கவில்லை. வீடு விலையாவதை அறிந்து வந்த பழம்பொருள் வணிகர் கூறிய தொகையையும் நாங்கள் ஏற்கவில்லை.

கிண்ணம் இப்போது திருப்பதியில், மூத்த தமக்கையார் இல்லத்தில் உள்ளது. மாவட்டம் கடக்கச் சட்டம் குறுக்கே வரவில்லை. தம்பியின் மகள் படத்தைப் பார்த்து அதேபோல் வரைந்து அனுப்பியிருக்கிறாள். முதல் ஆண்டுக் கொலுவுக்கு வந்த அயல்வீட்டுத் தெலுங்கு அம்மையார் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து, "நெமலி எவ்வளவு அழகு!" என்றாராம். தமக்கையார் அதை மறுக்கவில்லை.