விலைப்பட்டியலில் இல்லாத மீன்

ஒரே வேளையில் உண்டு தீர்த்த பெருஞ்செல்வம் எது என்று கேட்டால், ரோமானிய எழுத்தாளர் பிளினியிடம் ஒரு கதை இருக்கிறது. ஒரே விருந்தில் ஒரு கோடி செஸ்டர்ஸ் நாணயத்தைச் செலவழித்துக் காட்டுவதாக ஆண்டனியிடம் பந்தயம் கட்டிய கிளியோபாட்ரா, தன் காதில் இருந்த முத்தொன்றைக் கழற்றிக் காடியில் இட்டுக் கரைத்துக் குடித்தாளாம். அந்த முத்துகள் கீழைத்தேயத்து மன்னர்களின் கைவழியாக வந்தவை என்கிறார் பிளினி. அவர் வாழ்ந்த அதே முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது 'பெரிப்ளஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு. பாண்டியரின் கொற்கைக் கடலில் முத்தெடுப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அது ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. கொற்கை முத்தின் பெருமையை வகுப்பறையில் விரித்துரைக்கும் நாங்கள் இந்த ஒரு வரியை அதிகம் விரித்ததில்லை.

கடந்த மே மாதம் ஒரு மதிய உணவின்போது அவ்வரி தானாக விரிந்தது.

நாங்கள் ஐவர். வெவ்வேறு கல்லூரிகள், வெவ்வேறு துறைகள். விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் ஒருநாள் தூத்துக்குடியில் கூடி உண்பது எங்கள் நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் ஒரு பரோட்டாக் கடையோடு முடிந்துவிடும். இம்முறை விலங்கியல் நண்பர், தம் மகளுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில், நகரின் நட்சத்திர விடுதி ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றார். குளிரூட்டப்பட்ட கூடம், அன்னச்சிறகு போல் மடித்து வைத்த கைத்துண்டுகள், கண்ணாடிக்கு அப்பால் துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் லாரிகளின் முடிவில்லாத வரிசை.

விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது நார்வே நாட்டு சால்மன். "சுதேசிக் கப்பல் ஓட்டியவர் ஊரில் விலாயதி மீனா!" என்று எங்களுள் ஒருவர் சிரித்தார். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் இங்கிருந்து கொழும்புக்கு ஓடியதும், 1974-இல் பெருந்துறைமுகமான இது 2011-இல் அவர் பெயரைப் பெற்றதும் பேச்சில் வந்து போயின.

'இன்றைய மீன்' என்று தனியாக ஒரு வரியும் இருந்தது. மே மாதத்தில் ஏது இன்றைய மீன்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம். பரிமாற வந்த இளைஞரிடம் கேட்டோம். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது, அங்கிருந்து பனிக்கட்டியில் வைத்து வருகிறது என்று மறைக்காமல் சொன்னார்.

"சாளை இருக்கா தம்பி?" என்றார் விலங்கியல் நண்பர். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அன்று காலை சந்தைக்குச் சாளை வந்திருந்தது அவருக்குத் தெரியும்.

"மெனுவுல கிடையாது சார்."

"எந்த ஊரு நீ?"

இளைஞர் ஒரு கடலோரக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். நண்பரின் ஊருக்குப் பக்கத்து ஊர். அடுத்த நொடியே அவர் குரல் மாறியது. "பின்னாடி எங்களுக்குன்னு வச்ச சாளைக் கொழம்பு இருக்குண்ணே. கொண்டாரட்டுமா?"

சிறு கிண்ணத்தில் குழம்பு வந்தது. வஞ்சிரத்தையும் இறாலையும் ஒதுக்கி வைத்துவிட்டு நாங்கள் ஐவரும் அதைத்தான் தொட்டுத் தொட்டு உண்டோம். நண்பர் பேசத் தொடங்கினார்.

அவருடைய தந்தை இளைஞராக இருந்தபோது முத்துக் குளித்தவர். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் இக்கடலின் கடைசி முத்துக்குளிப்பு. இடுப்பில் கயிறு, இறங்குவதற்கு ஒரு கல், ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான மூச்சுக்குள் பாரில் கிடக்கும் சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் இட்டு மேலேற வேண்டும். எடுத்தவற்றில் பெரும்பங்கு அரசுக்கு. கரையில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். வாங்கியவர் அதை அழுகவிட்டு, அலசி, முத்தெடுப்பார். சதை வீணாகும். முத்துப் படுகைகள் வற்றிய பிறகு தந்தை சங்கு குளிக்கப் போனார். அந்தச் சங்குகள் வங்காளத்துப் பெண்களுக்கு வளையல்களாயின. அம்மா மீன் விற்றார். விலைபோகும் மீன் எதுவும் வீட்டு அடுப்புக்கு வந்ததில்லை, வந்தது சாளை.

"வஞ்சிரத்தோட ருசி எனக்குக் கல்லூரி விடுதியிலதான் தெரியும்" என்றார். அவர் சொன்ன விதத்தில் கசப்பு இல்லை.

கணக்குச் சீட்டு வந்தபோது மணி நான்கு. 7,000 ரூபாயை நெருங்கியிருந்தது. பங்கிட்டுக் கொள்வோம் என்று நாங்கள் கைநீட்டியதை அவர் தடுத்துவிட்டார். தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். விசைப்படகுத் தொழிலாளியான அவருடைய அண்ணன் அந்தத் தொகையோடு வீட்டில் இருந்தார். இதையும் அவரேதான் சொன்னார். எங்களுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. உணவின் சுவை நாவில் இருக்கும்போதே குற்றவுணர்வு பேசுவது படித்தவர்களுக்கு எளிது. அந்த எளிமைக்கு அவர் எங்களை விடவில்லை.

"முகத்தை ஏன் தொங்கப் போடுறீங்க? எங்கப்பா தண்ணிக்குள்ள மூச்சை அடக்குனது எதுக்கு? நான் இப்படி மூணு மணி நேரம் நிதானமா உக்காந்து சாப்பிடணும்னுதான். அண்ணன் மகன் இந்த வருசம் பன்னிரண்டாவது முடிச்சிருக்கான். அடுத்த மே மாசம் அவனையும் கூட்டிட்டு வர்றேன். நீங்க யாராச்சும் அவனுக்கு உங்க கல்லூரியில ஒரு எடம் பாருங்க."

இரண்டாயிரம் ஆண்டுகளாக இக்கரையின் செல்வம் வேறெங்கோ இருக்கும் மேசைகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. முத்து ரோமுக்குப் போயிற்று. இன்று நண்டுச் சதை பதப்படுத்தப்பட்டு அமெரிக்காவுக்குப் போகிறது; எந்த மேசையிலும் இருக்கும் உப்பில் இவ்வூர் அளங்களின் பங்கு பெரிது, உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது இக்கரைதான். எடுத்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் மேசைக்கு வந்து சேர்வதற்குத்தான் இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அன்றும் ஒருவர் அமர்ந்திருந்தார். பக்கத்து ஊர்ப் பிள்ளை நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது நண்பர் அந்த இளைஞரின் தோளில் கைவைத்து என்ன படித்திருக்கிறார் என்று விசாரித்தார். பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டதாம். கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். அஞ்சல்வழிப் படிப்புக்கான விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று எங்களைக் கேட்டார். எங்களுள் இருவருக்கு அது தெரிந்திருந்தது.