டொல்பின்கள் கேட்ட உதவி

வெள்ளி

மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஆர்தர் சி. கிளார்க்கின் ‘டொல்பின் ஐலண்ட்’ நாவலைச் சொல்லத் தொடங்கினேன். 1963இல் வந்த ஆங்கிலச் சிறுவர் நாவல். வாசித்து வாசித்து நமது ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். உறவினர் வீட்டில் ஒட்டாமல் வளரும் அநாதைச் சிறுவன் ஜொனி, களவாக ஒரு கப்பலில் ஏறுகிறான். கப்பல் கடலில் மூழ்க, அவனது மிதவையை டொல்பின்கள் தள்ளிச்சென்று அவுஸ்திரேலியப் பவளப்பாறைத் தீவொன்றில் சேர்க்கின்றன. அங்கே பேராசிரியர் கசான் டொல்பின்களின் மொழியை ஆராய்கிறார்.

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர், நமது திருகோணமலைக் கடலிலும் சுழியோடியவர் என்றதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 1962இல் அவருக்கு உடல் செயலிழந்தது. அதற்கு அடுத்த வருடமே இந்தக் கடல் கதை வெளிவந்தது. அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சனி

இன்று பெரிய வாக்குவாதம். ஓர்கா திமிங்கிலங்கள் எங்களைத் தின்கின்றன, தடுத்து உதவுங்கள் என்று டொல்பின்கள் மனிதரிடம் கேட்கும் இடம்.

“நம்மளக் காப்பாத்தினவங்க கேக்காங்க, செய்யத்தானே வேணும்?” என்றாள் மகள்.

மருமகன் விடவில்லை. “வாப்பாட வலையக் கிழிச்சி மீனத் திங்கிறதும் டொல்பின்தானே மாமி? அப்ப அதையும் கொல்லலாமா?”

டொல்பினைப் பிடிப்பதும் கொல்வதும் இலங்கையில் சட்டப்படி குற்றம். சிக்கிக்கொண்டால் நைலோன் வலையை அறுத்துத்தான் விடவேண்டும். பிறகு கரையில் குந்தி, வலையூசியும் நூலுமாக அதைப் பொத்துவது அவனுடைய வாப்பாதான். விட்டுக்கொடுப்பதன் விலை அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அவனிடம் இரக்கத்தைப் பற்றி நான் லேசாகப் பேசிவிட முடியாது.

கதையில் ஓர்காவைக் கொல்வதில்லை. மூளையில் மின்முனைகளைப் பதித்து, டொல்பினைத் தொடாதபடி பழக்கப் பார்க்கிறார்கள். “அதுட மனச நாம மாத்தலாமா?” என்று மகளே இப்போது தடுமாறினாள். நன்றி ஒரு பக்கம், நீதி இன்னொரு பக்கம். முடிந்ததையெல்லாம் விஞ்ஞானம் செய்துவிடலாமா என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில். பதினொரு வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிற நாவலைப் பாடசாலை நூலகங்களில் தமிழில் வைக்கவேண்டும் என்பது எனது ஆசை.

திங்கள்

புயல் அத்தியாயம். உம்மா குறுக்கிட்டு 1978 நவம்பர் சூறாவளியைச் சொன்னார். தென்னைகள் முறிந்து விழுந்த அந்த இரவைக் கேட்டபின்தான் பிள்ளைகள் கதைக்குத் திரும்பினார்கள். தீவின் தொடர்புகள் அறுந்துவிட்டன, கசானுக்குக் கடும் நியுமோனியா. ஜொனி அலைப்பலகையில் படுக்க, சூசி, ஸ்புட்னிக் என்ற டொல்பின்கள் பெருநிலத்தை நோக்கி இழுத்துச் செல்கின்றன. தன் வீட்டிலிருந்து தப்பி ஓடிய பையன் இப்போது இன்னொருவருக்கு மருத்துவரைத் தேடிப் போகிறான்!

மருமகனுக்கு இதெல்லாம் பிடித்திருந்தாலும் சனிக்கிழமை வழக்கு முடியவில்லை. நாளைக்கு ஓர்காவின் பக்கம் நின்று பேசுவானாம். வாப்பாவையும் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.