சேர்த்தால் சைக்கிள், பிரித்தால் வண்டி

கணபதி பஸ் ஸ்டாப் பக்கத்தில் என் ஸ்கூட்டரை ஒரு சைக்கிள் தாண்டிப் போனது. பழைய ஹெர்குலிஸ். மேலே வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர், கேரியரில் அரிசிப் பை. கால் இரண்டும் பெடலில் அசையாமல் இருக்கின்றன, சைக்கிள் மட்டும் போகிறது. விரட்டிப் பிடித்து விசாரித்தேன். "ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வாங்க தம்பி, சாவகாசமாப் பேசலாம்" என்றார்.

போனேன். கோவை சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே, பத்துக்குப் பத்து ரூம். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். மேசை நிறையச் செம்புக் கம்பி, அறை நிறைய வார்னிஷ் வாசனை. இந்த ஊரில் இப்படி ஒருவர் சைக்கிளுக்கு மோட்டார் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சுவரில் ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் தொங்கியது. தோட்டத்தில் மருந்தடிக்கும் ஸ்பிரேயரிலிருந்து கழற்றியது, 35 சிசி. "மொத அவதாரம் அதானுங்க." இன்ஜின் தண்டில் ஓர் இரும்பு உருளையை மாட்டி, அதைப் பின் டயரின் மேல் அழுத்தி ஓட்டியிருக்கிறார். மழை பெய்தால் உருளை வழுக்கும், பெய்யாவிட்டால் டயரைத் தின்னும். அதிர்வில் மட்கார்டு நட்டெல்லாம் ரோட்டோடு போய்விட்டதாம். நாலு மாதத்தில் கழற்றிவிட்டார்.

அவருக்குத் தெரியாது, பிரான்சில் 1946-ல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் இதே யோசனைதான். உருளை மட்டும் முன் டயரில். அதே 1946-ல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சோய்சிரோ ஹோண்டா, போரில் மிஞ்சிய ராணுவ ரேடியோ ஜெனரேட்டர் இன்ஜின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றார். பெட்ரோல் டேங்குக்கு வெந்நீர்க் குப்பி! ஹோண்டா கம்பெனி கிளம்பிய இடம் அதுதான். நம் பக்கத்தில் 1980-ல் வந்த டிவிஎஸ் 50-க்கும் பெடல் உண்டு. மிதித்துக் கிளப்பிய தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆக, பெரியவர் செய்தது புதுமை அல்ல. ஆனால் கம்பெனி வண்டிக்கும் இவர் வண்டிக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதில் நான் அரை மணி நேரத்தில் விழப்பார்த்தேன்.

இரண்டாவது அவதாரம் மின்சாரம். முன்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார், 250 வாட். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர். நாற்பது லித்தியம் செல்களை அடுக்கி, நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் ஒரு ஜாண் நீளத் துண்டுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு பார் கம்பியில் கட்டியிருக்கிறார். முழுசாக ஏற்ற அரை யூனிட்டுக்கும் குறைவான கரண்டுதான் பிடிக்கும். மிதிக்காமலே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வருகிறதாம்.

முன் போர்க்கில் ஒரு ஸ்பேனர் ஒட்டிக்கொண்டிருந்தது. மறந்து விட்டுவிட்டார் என்று நினைத்துத் தொட்டேன், அசையவில்லை. "அது அங்கதானுங்க இருக்கோணும்." மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சுத்தண்டு பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். திரும்பினால் போர்க்கின் காடியைப் பிளந்துகொண்டு சக்கரமே கழன்று வந்துவிடும். அச்சின் தட்டையான பக்கத்தை 10 நம்பர் ஸ்பேனர் கவ்விப் பிடிக்க, அதன் மறுமுனையை கிளாம்ப் போட்டு போர்க்கோடு இறுக்கியிருக்கிறார். நம்பர்கூட அழியாமல் தெரிந்தது. கடையில் டார்க் ஆர்ம் என்று தனியாக விற்கும் சாமானின் வேலையை இது செய்கிறது. எனக்கு அவர்மேல் மதிப்பு ஏறியது இந்த இடத்தில்.

இறங்கியது அடுத்த நிமிடம்.

"அண்ணா, முன்னாடி பிரேக்கைக் காணோமே?"

"பழைய பிரேக் இந்த ரிம்முக்குச் சேரலீங்க தம்பி. பின்னாடி இருக்குதே, போதும்."

பழைய கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உள்விளிம்பில் அழுந்திப் பிடிப்பவை. மோட்டாரோடு வந்த ரிம்மில் அந்த விளிம்பே இல்லை. எடுத்து மூலையில் போட்டுவிட்டார். ஓடவைக்க அத்தனை நுணுக்கம் பார்த்த கை, நிறுத்தும் விஷயத்தில் ‘போதும்’ என்றுவிட்டது.

"ரெண்டு மிதி மிதிச்சுப்போட்டு அப்புறம் திருகுங்க" என்று அனுப்பினார். திருகினேன். பின்னாலிருந்து யாரும் தள்ளுவது போல இல்லை. கயிற்றைப் பிடித்தவனை இழுத்துக்கொண்டு ஓடும் கன்றுக்குட்டி போல முன்சக்கரம் இழுத்தது. சத்தமே இல்லை. சந்து முனை தாண்டி சத்தி ரோடு வந்ததும், ஹேண்டில்பாரில் கட்டியிருந்த மீட்டர் 29 காட்டியது. சிரிப்பு வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். ஐம்பது வயதில் சைக்கிளில் வேர்க்காமல் போவது தனி சுகம்.

பேக்கரி ஒன்றின் முன்னால் ஓர் அம்மா ரோட்டைக் கடக்க நின்றார். என்னை நன்றாகவே பார்த்தார். பார்த்தது ஒரு சைக்கிளை. சைக்கிள் எவ்வளவு வேகத்தில் வரும் என்று ஊருக்கே ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் அவருக்கு நேரம் இருந்தது, இறங்கிவிட்டார். பிரேக்கைப் பிடித்தேன். மோட்டார் நிற்கவில்லை, ஏனென்றால் கை த்ராட்டிலை விடவில்லை. கம்பெனி வண்டியில் பிரேக் பிடித்ததும் மோட்டார் தானாக அணைய ஒரு சுவிட்ச் இருக்கும், இதில் இல்லை. விட்டபிறகும் பின்சக்கரம் உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாயும், பின் டயருக்குப் பிடிமானம் குறையும், அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. போதாததற்கு, வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டபின் ஓடும் தூரம் நாலு மடங்கு. அந்த அம்மாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். "கண்ணு தெரியலையா?" என்றார். நியாயமான கேள்வி.

தள்ளிக்கொண்டே திரும்பினேன். டீ வந்தது. போலீஸ் பிடித்ததில்லையா என்று கேட்டேன். "சைக்கிளை எதுக்குங்க பிடிக்கறாங்க?"

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, நாலு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் இன்ஜின் 25 சிசிக்கு மேற்படாவிட்டால் அது மோட்டார் வாகனம் அல்ல. சுவரில் தொங்கும் ஸ்பிரேயர் இன்ஜின் அப்போதே தாண்டிவிட்டது. பேட்டரி வண்டிக்கு வேறு கணக்கு: மோட்டார் 250 வாட்டுக்கும் கீழ், வேகம் 25 கிலோமீட்டருக்கும் கீழ். இதையும் புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது மோட்டார் வாகனம். ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும், வீட்டில் செய்த சைக்கிளுக்கு எதுவும் கிடைக்காது. யார்மேலாவது மோதினால் நஷ்டஈடு இவர் கைக்காசு.

கம்பெனிக்கு இந்த விதி சரி. ஒரு மாடலைச் சோதித்து ஆயிரக்கணக்கில் விற்றுக்கொள்ளலாம். ஒற்றைச் சைக்கிளை ரயிலேற்றிப் புனேவுக்கு யார் கொண்டுபோவார்? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பிரேக், ரிஃப்ளெக்டர், வேகம் மூன்றையும் பார்த்து ஒரு சீட்டுக் கொடுக்க வழி செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இவரைப் போன்றவர்கள் ஒளிய வேண்டியிருக்காது; அந்த முன் பிரேக் இல்லாத சைக்கிளும் ரோட்டுக்கு வந்திருக்காது.

இதையெல்லாம் சொன்னதும், கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து தொங்கிய ஒரு வெள்ளை வயரைக் காட்டினார். பிரிந்திருந்த இரண்டு முனைகளுக்கும் டேப் சுற்றியிருந்தது. இரண்டையும் சேர்த்தால் வேகம் 25-க்குள் அடங்கிவிடும். "சேத்தா சைக்கிளுங்க, பிரிச்சா வண்டி" என்றார்.

சேர்த்தாலும் புனே பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. முன் பிரேக்கை மட்டும் கண்டிப்பாக மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார். முன் ரிம்முக்குக் காலிப்பர் பிரேக் மாட்டியாகிவிட்டது, பிரேக் பிடித்தால் மோட்டார் அணைய சுவிட்சும் வைத்தாகிவிட்டது.

"அந்த வெள்ளை வயர்ங்ணா?"

"அது இன்னும் சேக்கலீங்க தம்பி."