இடறும் எஞ்சின்

அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் காரைக்கால். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியுங்கால், உப்பும் ஈரமும் கலந்த காற்று அங்கே ஓயாது வீசும். அக்காற்று மோட்டார் வண்டிக்கு நல்லதன்று. திருநள்ளாற்றுக்கு அடியார்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் ஒருநாள் நின்றால், அதனை நம்பிய குடும்பத்திற்கு அன்றைய வருவாய் இல்லை. ஆதலின், சீராக ஓடிய எஞ்சின் திடீரெனக் குலுங்கி வேகம் குன்றுமாயின், ஓட்டுநரின் உள்ளமும் உடன் குலுங்கும். இவ்விடறலைப் பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்பர்.

இடறல் என்பது யாது? பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு செயல்கள் முறையே நிகழ்கின்றன. காற்றும் எரிபொருளும் உள்ளே இழுக்கப்படுகின்றன, அக்கலவை அழுத்தப்படுகிறது, பின்னர்த் தீப்பொறியால் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, இறுதியில் புகை வெளியேறுகிறது. இம்முறையில் இயங்கும் எஞ்சினை 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ வெற்றியுற அமைத்தார். நான்கு சிலிண்டர்களுள் ஒன்றில் எரிதல் தவறினும், நால்வர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் தோள் விலகியதுபோல வண்டி முழுதும் ஆடும்.

எரிதலுக்கு வேண்டுவன மூன்று: அளவான கலவை, போதிய அழுத்தம், தக்க நேரத்தில் தீப்பொறி. இவற்றுள் எது குறைந்தாலும் எஞ்சின் இடறும். பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வேண்டிய அம்மின்சாரம், ஈரமும் உப்பும் படிந்த வெடிப்பைக் கண்டால் அவ்வழியே கசிந்துவிடும். கடலோர ஊர்களில் மழைக்காலத்து இடறலுக்கு இஃது ஒரு காரணமாம்.

தேர்ந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் உறுப்புகளை மாற்றார். பிளக்கைக் கழற்றி அதன் நுனியை உற்று நோக்குவார். வெளிறிய பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரி எரிபொருள் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின், பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருப்பின், தீப்பொறி பிறக்கவில்லையோ என ஐயுறுவார். இக்காலக் கார்களிலுள்ள கணிப்பொறி, 'பி 0301' என்னும் குறியால் முதல் சிலிண்டரைச் சுட்டும். ஆயினும் அது நோயுள்ள இடத்தைச் சொல்லுமேயன்றி, நோயின் காரணத்தைச் சொல்லாது. ஆகவே அந்தச் சிலிண்டரின் காயிலை மற்றொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பார். இடறலும் உடன் சென்றால் குற்றம் காயிலினது. செல்லாவிடில், பிளக்கு, எரிபொருள் தெளிப்பான், அழுத்தம் என ஒவ்வொன்றாகச் சோதிப்பார். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். பலவற்றை ஒருங்கே மாற்றினால் உண்மைக் காரணம் மறைந்துவிடும் அன்றோ?

பொறுமை வேண்டும் என்பதற்காகக் காலந் தாழ்த்துதலும் தகாது. எரியாத பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை அடைந்து, அங்கே எரிந்து, மிகு வெப்பத்தால் அதனை அழித்துவிடும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துதலே அறிவுடைமை. சிறு செலவில் தீரும் பழுது, அசட்டையால் பெருஞ்செலவில் முடியும்.

பழுது பார்த்தல் கைத்தொழில் மட்டுமன்று. அஃது ஓர் ஆராய்ச்சியுமாகும். ஊகத்தை உண்மையென்று கொள்ளாமல் சோதித்துத் தெளிபவனே நல்ல தொழிலாளி. உழைத்து ஈட்டிய பிறர் பொருளை வீணாக்காத அவனது நேர்மையும் அத்தெளிவிலேயே அடங்கியுள்ளது.