கேம் நடுவில நிண்டுபோற கொம்பியூட்டர்

திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற அறையில் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. நாலு பேரும் காசு போட்டு, பழைய பார்ட்ஸ் தேடி வாங்கி, மன்னார்க்காரன் இரண்டு நாள் குந்தியிருந்து பூட்டியது. கலைப்பீடத்துப் பெடியளுக்கு உது எதுக்கு என்று வீட்டில் கேட்டபோது அசைன்மென்டுக்கு என்றோம். முழுப்பொய் இல்லை. பகலில் அசைன்மென்ட்தான். இருட்டினால் ஜிடிஏ ஃபைவ்.

போன செமஸ்டர் நடுவில் அது நிண்டுபோகத் தொடங்கியது. பொலிஸ் துரத்த, கார் பறந்துகொண்டிருக்கும். டக்கென்று திரை கறுத்து, பெட்டி தன்பாட்டில் திரும்பத் தொடங்கும். முதல் மூன்று தரமும் சிரித்தோம். நாலாம் தரம் எங்களில் ஒருத்தன்ட ஆய்வுக்கட்டுரை வேர்டில் திறந்தபடி கிடந்தது. சேமிக்காத இரண்டு பக்கம் போய்விட்டது. வேர்டை மூடாமல் கேமைத் திறந்தது எங்கட பிழை. அதை அப்ப ஆர் யோசிச்சது?

அந்தக் கோபத்தில்தான் அது வாயில் வந்தது. "என்னத்தை மச்சான் பூட்டி வச்சிருக்கிறாய்? கடைக்காரன் உனக்கு எவ்வளவு கொமிசன் தந்தவன்?" சொன்னது ஒருத்தன், மற்ற இரண்டு பேரும் மறுக்கவில்லை. மன்னார்க்காரன் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து லைப்ரரி மூடும்வரை அங்கேயே இருந்துவிட்டு, வந்து படுத்தான்.

அவன் இல்லாமல் நாங்களே தேடத் தொடங்கினோம். முதலில் சூடு. சிபியு 68 பாகை, கிராபிக்ஸ் கார்ட் 72. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் தூசு தட்டி, புதுப் பேஸ்ட் பூசினோம். திரும்ப நிண்டது.

பிறகு விண்டோஸின் இவென்ட் வியூவர். ஒவ்வொரு தரமும் ஒரே வரி: கேர்னல்-பவர் 41. பிடிச்சிட்டம் என்று துள்ளினோம். தேடி வாசித்தால், ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கணினி திரும்பத் தொடங்கியது என்பதுதான் 41 சொல்கிற முழுச் செய்தி. அது எங்களுக்கே தெரியும்! பிரயோசனமாக இருந்தது அங்கே இல்லாத ஒன்று. விண்டோஸ் தானாகத் தடுமாறி விழுந்தால் வழக்கமாக நீலத்திரை வரும், மினிடம்ப் ஃபோல்டரில் ஒரு கோப்பும் மிஞ்சும். எங்கட ஃபோல்டர் வெறுமை. எழுதிவைக்கவே நேரம் கிடைக்கவில்லை, அப்ப பிழை கரண்ட் பக்கமாகத்தான் இருக்கவேணும்.

ராமையும் விடவில்லை. மெம்டெஸ்ட்86 விடியும்வரை ஓடியது, ஒரு பிழையும் இல்லை. மிச்சம் பவர் சப்ளை. அதுவும் மன்னார்க்காரன் தெரிந்தெடுத்ததுதான். தீர்ப்பை எழுதியேவிட்டோம் என்று சொல்லலாம்.

ஞாயிறு மத்தியானம் கடைசியாக ஒருக்கா ஃபர்மார்க்கை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டோம். கிராபிக்ஸ் கார்டைக் கேமைவிட மோசமாக வாட்டுகிற புரோகிராம் அது. பெட்டி அசையவில்லை. இரவு கேம் போட்டோம். எட்டு மணிக்கு நிண்டது.

எட்டு மணி, நாங்கள் சோறு வைக்கிற நேரம்.

எங்கட அறைச் சுவரில் ஒரேயொரு பிளக் பொயின்ட். அதில் ஒரு மல்ரி பிளக், அதில் கொம்பியூட்டர், றைஸ் குக்கர், இரண்டு போன். தொட்டால் கை வைக்கேலாத சூடு. கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மண்ணிறமாக உருகியிருந்தது. குக்கர் இழுக்க இழுக்க அந்தத் தளர்ந்த இடம் சூடாகி, ஒரு கணம் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. வேர்ட் மட்டும் திறந்திருந்தால் பெட்டி இழுப்பது கொஞ்சம், பவர் சப்ளைக்குள் தேங்கிநிற்கிற மின் அந்தக் கணத்தைத் தாண்டக் காணும். கேம் ஓடும்போது இழுவை பல மடங்கு, தேங்கினது காணாது. அறை எரியாமல் தப்பினதே பெரிய விஷயம்.

அந்த மல்ரி பிளக், முதலாம் வருசத்தில் கடையில் இருந்ததிலேயே மலிவு என்று நாங்கள் மூன்று பேரும் வாங்கியது.

வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டு குக்கரைக் குசினிப் பக்கம் கொண்டுபோனோம். புது பிளக் வாங்கினோம். நாலு இரவு பார்த்தோம், நிற்கவில்லை. ஐந்தாம் நாள் மன்னார்க்காரன் வந்ததும் உருகின பிளக்கை அவன்ட மேசையில் வைத்தோம். பிரட்டிப் பார்த்தான்.

"இதில குக்கரைக் குத்தாதேங்கோடா எண்டு அப்பவே சொன்னனான்."

சொன்னவன்தான். கொமிசன் கதையை ஒருத்தரும் எடுக்கவில்லை, இன்றுவரைக்கும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தால் "சோறு மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டான். கிடந்தது.